கையெழுத்து மட்டும்

போன ஆடி மாதம் எங்கள் அமைப்புக்கு ஒரு பெண் களப்பணிப் பயிற்சிக்கு வந்தாள். சமூகப்பணி முதுகலை, முதல் வருடம். நாமக்கல் பக்கம் ஊர். வாரத்தில் இரண்டு நாள் எங்களோடு காலனிகளுக்கு வர வேண்டும். பார்த்ததையும் செய்ததையும் அறிக்கையாக எழுத வேண்டும். அமைப்பில் பொறுப்பாக இருக்கிற ஒருவர் அதைப் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பொறுப்பாக இருக்கிற ஒருவர் நான்.

மூன்றாவது வார அறிக்கையில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதி போடப் போகும்போது கை நின்றுவிட்டது. முன்பக்கங்களைப் புரட்டினேன். முதல் வாரம் நன்று. இரண்டாம் வாரமும் நன்று. மூன்றில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. இந்த 'நன்று' எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த 'நன்று'. என் பி.எட். நோட்டில் எட்டு வாரம் வரிசையாக இருந்தது.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு 2015இல் பி.எட். சேர்ந்தேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் விதிகளை மாற்றி, ஒரு வருடப் படிப்பை இரண்டு வருடம் ஆக்கியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பயிற்சி எடுப்பதும் 20 வாரம் ஆயிற்று. "ஒரு வருசம்னுதானடி சொன்ன?" என்று எங்கம்மா கேட்டாள். நான் என்ன சொல்வது? கூட ஒரு வருடம் என்றால் அவளுக்குக் கூட ஒரு வருடம் நடவு, களை, நூறு நாள் வேலை. பஸ், சார்ட், ரெக்கார்டு நோட்டு எல்லாம் அதிலிருந்துதான் வரணும்.

இரண்டாம் வருடம் பதினாறு வாரத்துக்கு டவுனில் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தமிழுக்கு இரண்டு பேர். நானும் இன்னொரு பெண்ணும். இரண்டு பேருக்கும் ஒரே வழிகாட்டி ஆசிரியர். தமிழையா, ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. முதல் நாள் ஸ்டாஃப் ரூமில் விசாரித்தார்.

"எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, இந்தாண்ட ரோட்டோரமா?"

ரோட்டோரம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். "காலனி சார்" என்றேன்.

"அதனால என்னம்மா. இப்பல்லாம் யாரு அதப் பாக்குறா."

கேட்டவரும் அவர்தான், பார்ப்பதில்லை என்று சொன்னவரும் அவர்தான்.

அன்றையிலிருந்து அவர் என்னிடம் காட்டிய தயவு கொஞ்சநஞ்சமில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் "நீ கெளம்பும்மா" என்பார். பாடக்குறிப்பு நோட்டைக் கொண்டுபோனால் திறக்க மாட்டார். "வெள்ளிக்கிழமை மொத்தமா எடுத்துட்டு வா" என்பார். வெள்ளிக்கிழமை ஐந்து நாள் குறிப்புக்கும் வரிசையாக ஐந்து 'நன்று', ஐந்து கையெழுத்து. நோட்டு மேஜைமேல் இருக்கும், பக்கத்தை நான் புரட்டிக் கொடுப்பேன், அவர் பேனாவை மட்டும் வைத்து எடுப்பார். நோட்டை அவர் கையில் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. இதைத் தீண்டாமை என்று சொன்னால் ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். என்னிடம் ஆதாரம் இல்லை.

நான் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மற்றப் பள்ளிகளுக்குப் போனவர்கள் ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை பாடக்குறிப்பைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்கள். "ஒனக்கென்னாடி, ராணி" என்பார்கள்.

நாலாவது வாரம் ஒரு நாள் சாக்பீஸ் எடுக்கப் போனேன். எட்டாம் வகுப்பில் அந்த இன்னொரு பெண் பாடம் நடத்துகிறாள். கடைசி பெஞ்சில் ஐயா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். மணி அடித்ததும் இருவரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒரு செய்யுளுக்குள் பிள்ளைகளை எப்படி அழைத்துப் போவது, அர்த்தத்தை முதலில் சொல்லலாமா, ஓசையை முதலில் காதில் போடலாமா என்று இருபது நிமிடம் பேசினார். அவ்வளவு நன்றாகப் பேசினார். சாக்பீஸ் டப்பாவோடு தூணுக்குப் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். அவளுடைய நோட்டை அப்புறம் வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. 'இந்தக் கேள்வி பிள்ளைக்குப் புரியாது', 'உதாரணம் வீட்டிலிருந்து எடு', 'இங்கே நிறுத்து, அவர்கள் பேசட்டும்'. ஒரே மனிதர், ஒரே பேனா.

மறுநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "சார், என் க்ளாசுக்கும் ஒரு நாள் வாங்க சார்."

"நீ நல்லாத்தாம்மா பண்ற. ஒனக்கெல்லாம் எதுக்குக் கவல? டெட்ல கொறச்சலா எடுத்தாலே ஒங்களுக்குப் போதுமே" என்று சிரித்தார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2014இல் டெட் தேர்ச்சி 60 விழுக்காட்டிலிருந்து 55 ஆகக் குறைக்கப்பட்டது. அந்தச் சலுகை நமக்கு மட்டுமில்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் எல்லாருக்கும் சேர்த்துத்தான். ஐயாவுடைய சாதியும் அதில் உண்டு, வேப்பமரத்தடிப் பெண்ணின் சாதியும் உண்டு. ஆனால் மரத்தடியில் அவளிடம் அவர் டெட் கணக்குப் பேசவில்லை, செய்யுள் பேசினார்.

பி.எட். உளவியலில் தலைமைப் பண்பு என்று ஒரு பாடம். குர்ட் லெவின் என்பவரும் லிப்பிட், ஒயிட் என்ற இரண்டு பேரும் அமெரிக்காவில் அயோவாவில் செய்த சோதனை, 1939இல் வெளிவந்தது. பத்து வயதுப் பையன்களைச் சிறு சிறு குழுவாக்கி முகமூடி செய்யும் வேலை கொடுத்தார்கள். ஒரு தலைவர் எல்லாவற்றையும் தானே ஆணையிடுவார், அது சர்வாதிகாரத் தலைமை. ஒருவர் கலந்து பேசிச் செய்வார், அது மக்களாட்சித் தலைமை. ஒருவர் சாமானைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார், அது தலையிடாத் தலைமை. ஆணையிடுகிறவர் அறையை விட்டு வெளியே போனதும் பையன்கள் வேலையைப் போட்டுவிட்டார்கள். கலந்து பேசியவர் போனபிறகும் அவருடைய குழு வேலையைத் தொடர்ந்தது. லெவின் யூதர். ஹிட்லர் வந்ததும் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். சர்வாதிகாரம் என்ற சொல் அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. இதையெல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்.

ஆனால் அந்தச் சோதனையில் ஒரு தலைவர் ஒரு குழுவிடம் ஒரு நேரத்தில் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார். ஒரே அறையில் ஒரு பையனோடு கலந்து பேசி, பக்கத்துப் பையனை மட்டும் அவன் பாட்டுக்கு விட்டுவிடுகிற தலைவரை அதில் வைக்கவில்லை. எங்கள் ஐயா எந்தத் தலைமை? அவளுக்கு மக்களாட்சி, எனக்குத் தலையிடாமை. நம் நாட்டில் மேலே இருப்பவர் எப்படித் தலைமை தாங்குகிறார் என்று கேட்பதற்கு முன்னால், தன் குழுவில் யார் யாரை எண்ணிக்கொள்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியை விசாரித்த சுகதேவ் தோரட் குழுவின் அறிக்கை 2007இல் வந்தது. மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கிற ஆசிரியரின் உதவியும் நேரமும் தங்களுக்குக் கிடைப்பதில்லை என்று தலித், பழங்குடி மாணவர்கள் அதில் சொல்லியிருக்கிறார்கள். திட்டினால் சாட்சி வைக்கலாம். கொடுக்காத நேரத்துக்கு யாரைச் சாட்சி வைப்பது? (ஏகலைவன் கதையை இங்கே இழுக்கப் போவதில்லை. நம் பத்திரிகைகளில் அந்தக் கட்டைவிரல் ரொம்பத் தேய்ந்துவிட்டது.)

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"திட்டுனாரா?"

"இல்ல."

"கை கிய்ய வச்சானா?"

"சீ, அதெல்லாம் இல்லம்மா."

"பின்ன இன்னாத்துக்கு அழுவுற?"

நோட்டைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்துக்கு ஒரு கோழிக்கிறுக்கல் இருப்பது தெரிந்தது. இன்னொரு பெண்ணின் நோட்டில் பக்கமெல்லாம் சிவப்பு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் தான் நடவு கற்ற கதையைச் சொன்னாள். பதின்மூன்று வயதில் முதல்முதலாகச் சேற்றில் இறங்கினாளாம். ஆள் கூட்டிப்போகிற கிழவி இவளைத் தனக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் நிறுத்துவாளாம். நாற்றை ஆழமாக ஊன்றினால் புறங்கையில் சுள்ளென்று ஒரு அடி. "இன்னாடி, பொணமா பொதைக்கிற?" என்று கேட்பாளாம். இவள் பின்தங்கினால் இவள் பங்கிலும் நாலு குத்து தானே நட்டுக் கூட இழுத்துக்கொண்டு போவாளாம். கூலி மட்டும் முழுசாக வாங்கிக் கொடுத்துவிடுவாளாம்.

"ஒங்க வாத்தியாரு ஒன்ன வரிசையிலயே நிறுத்தலடி" என்றாள். "கரையில நிக்க வச்சிட்டுக் கூலி குடுக்குறாரு."

ஒன்பதாவது வாரம் ஐயா நீண்ட விடுப்பில் போனார். என்னை ஒன்பதாம் வகுப்புத் தமிழம்மாவிடம் மாற்றினார்கள். அவரை நல்லவர் என்று எழுத எனக்கு இன்றைக்கும் மனசில்லை. ஊர்ச் சாதி. பயிற்சிக்கு வந்த எல்லாரையும் தன் மார்க் ரிஜிஸ்டரை எழுத வைப்பார். கோட்டாவில் வருகிறவர்களால்தான் தரம் போச்சு என்று நான் உட்கார்ந்திருக்கும்போதே ஸ்டாஃப் ரூமில் பேசியிருக்கிறார். வாய்க்கு வந்தபடி ஏசுவார். ஆனால் எல்லாரையும் ஏசுவார்.

முதல் நாளே என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் இரண்டு பையன்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வினைத்தொகை நடத்தினேன். ஊறுகாய், சுடுசோறு, குடிநீர். நாற்பது நிமிடமும் அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார்.

"பலகைய மறைச்சிக்கினு நிக்கிற. எழுத்து கீழ எறங்குது. ழகரத்த முழுங்குற, தமிழ் வாத்தியாரு முழுங்கலாமா? குடிநீருக்கு முக்காலமும் சொல்லிக் காட்டல, வெறுமன பேரு சொல்லிட்டுப் போயிட்ட. மொத்தம் இருவத்திமூணு கேள்வி கேட்ட. கடைசி பெஞ்சுல ஒருத்தனக்கூடக் கேக்கல. ஏன்?"

மற்றதெல்லாம் காதில் விழுந்தது. இந்தக் கடைசிக் கேள்விக்கு என்னால் நிமிர முடியவில்லை. கடைசி பெஞ்சில் நாலு பேர். மூன்று பேர் காலனிப் பிள்ளைகள். கேட்டால் தெரியாமல் நிற்பார்கள், முன் பெஞ்சு சிரிக்கும், அந்தச் சிரிப்பை நான் பட்டிருக்கிறேன், இவர்கள் படவேண்டாம் என்றுதான் நான் கேட்கவில்லை.

"பாவம்னு விட்டுட்டியா?" என்றார் தமிழம்மா. எப்படித் தெரிந்ததோ. "பாவம் பாக்குறதுக்கு ஒன்ன இங்க அனுப்பல."

எனக்கு ஐயாவின் முகம் வந்து நின்றது. அவர் எனக்குச் செய்ததை நான் அந்த மூன்று பேருக்கும் அன்பாகச் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் அதே வினைத்தொகையை பி பிரிவில் அவர் நடத்தினார். என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். "அங்கேருந்து பலக எப்படித் தெரியுதுன்னு பாரு" என்றார். சாயங்கால வெயிலில் பாதிப் பலகை கண்ணாடி மாதிரி பளபளத்தது, ஒரெழுத்தும் தெரியவில்லை. அந்தப் பையன்கள் வருடம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் நான் சி பிரிவில் நடத்தினேன். அவர் மறுபடி தாளோடு வந்தார். இப்படியே ஏழு வாரம். என் நோட்டு சிவந்துபோயிற்று. சில ராத்திரிகளில் அவரை மனசுக்குள் கண்டபடி திட்டிக்கொண்டேதான் திருத்தி எழுதினேன்.

கட்டுரைப் பாடவேளையில் ஒரு தகராறு வந்தது. 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் முக்கால் பக்கம் எழுதியிருந்தான். தேர் தங்கள் தெருவுக்கு வராது, ரோட்டுக்கு வந்து நின்று பார்ப்போம், அப்பா மேளத்துக்குப் போவார், அவருக்குச் சாப்பாடு கடைசியில் என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை நிறைய. வகுப்பிலேயே நல்ல கட்டுரை அதுதான். அவனையே எழுந்து வாசிக்கச் சொல்லலாமென்று தமிழம்மாவிடம் சொன்னேன்.

"வேணாம்" என்றார். "முன் பெஞ்சுல அதே ஊர்ப் பையன் ஒக்காந்திருக்கான். நாளைக்கு வெளிய இவன் அடி வாங்குனா நீ வருவியா? ஒன் பதினாறு வாரம் முடிஞ்சிப் போயிடுவ."

அவர் சொன்னதில் சாதிப் பற்று பாதி இருந்திருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. கிராமத்தில் வேலை செய்கிற எங்களை இன்றைக்கும் அந்தக் கேள்வி விடுவதில்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பையனிடமே கேட்டேன், வாசிக்கிறேன் என்றான். அவரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் முறைத்தார்.

"எனக்கு இதுல சம்மதம் இல்ல. ஆனா க்ளாஸு ஒன்னுது. நான் பின்னால ஒக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தார். பையன் வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காததற்குக் காரணம் கட்டுரையா, பின்னால் அவர் உட்கார்ந்திருந்ததா, எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பையன்கள் அவனை மடக்கியதாகச் சேதி வந்தபோது, அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரித்தவரும் தமிழம்மாதான். என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்றுகூடச் சொல்லவில்லை.

பின்னால் அம்பேத்கரின் 'ரூபாயின் பிரச்சினை'யைப் பார்த்தபோது இது ஞாபகம் வந்தது. 1923இல் வந்த புத்தகம். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அவருடைய ஆசிரியரான எட்வின் கேனன் முன்னுரை எழுதியிருக்கிறார். மாணவரின் புத்தகத்துக்கு முன்னுரை என்றால் நாமெல்லாம் எப்படி எழுதுவோம்? கேனன் அப்படி எழுதவில்லை. தங்கமாற்று முறையின்மேல் அம்பேத்கருக்கு இருக்கும் எதிர்ப்பு தனக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். தவறு என்று தோன்றிய இடங்களில்கூட ஒரு புதுமை இருந்ததையும் சொல்கிறார். அம்பேத்கரும் தன் முகவுரையில் கேனனுடைய கடுமையான பரிசோதனை தன்னைப் பல பிழைகளிலிருந்து காப்பாற்றியது என்று நன்றி சொல்லியிருக்கிறார். தயவுக்கு நன்றி சொல்வதைத்தான் அதுவரை நான் பார்த்திருந்தேன்.

பயிற்சி முடிந்து மார்க் வந்தது. ஐயா போட்டதைவிடத் தமிழம்மா போட்டது குறைவு. வகுப்புக் கட்டுப்பாடு போதாது என்று எழுதியிருந்தார். அதுவும் உண்மைதான். அப்புறம் டெட் எழுதினேன், தேறினேன், வேலை வரவில்லை, இந்தப் பக்கம் வந்துவிட்டேன். அது வேறு கதை.

இப்போது நாமக்கல் பெண்ணிடம் வருகிறேன். அவளுடைய அறிக்கைகளை நான் ஏன் படிக்கவில்லை? வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். போன வருடமும் வேலை அதிகம்தான். போன வருடம் வந்த பையனின் அறிக்கையை வரிக்கு வரி படித்து அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். அவன் எங்கள் பக்கத்துப் பையன். எங்கள் சாதி. இவள் அருந்ததியர். வந்த அன்றைக்கே எனக்கு அது தெரியும். 'பாவம், தூரத்திலிருந்து வந்த புள்ள, கஷ்டப்படுத்த வேண்டாம்' என்று தோழர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தபோது அதை ஆதரித்துப் பேசிய மேடைகளைப் பற்றி இங்கே எத்தனையோ கட்டுரை படித்தவள்தான் நான்.

அன்று ராத்திரி முதல் வாரத்திலிருந்து படித்தேன். முதல் வாரம் சாதாரணமாக இருந்தது, 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று நாலு இடத்தில் எழுதியிருந்தாள். அடித்துவிட்டு, என்ன இல்லை, பட்டாவா, தண்ணீரா, எத்தனை வீட்டுக்கு, என்று ஓரத்தில் எழுதினேன். இரண்டாம் வாரத்தில் இரண்டாம் பக்கத்தின் கீழே நாலு வரி. ஒரு காலனியில் வீடுவீடாகக் கணக்கெடுக்கப் போனபோது ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டம்மா எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டு, எடுத்த டம்ளரை உள்ளே வைத்துவிட்டு, சொம்பிலிருந்து கையில் ஊற்றியிருக்கிறாள். எங்கள் அமைப்பு பத்து வருடமாக வேலை செய்கிற காலனி. அந்த வீட்டம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். அந்த டம்ளரில் நான் டீ குடித்திருக்கிறேன்.

அந்த நாலு வரிக்கு நேர் கீழே 'நன்று' என்று என் கையெழுத்து இருந்தது.

புதன்கிழமை அவள் வந்ததும் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இத ஏம்மா எங்கிட்ட வாயால சொல்லல?"

"எழுதியிருந்தனுங்களே அக்கா" என்றாள். "நீங்க படிச்சிட்டுத்தான் நன்றுன்னு போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

என் 'நன்று'வை அவள் எதிரிலேயே அடித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு மணி பஸ்ஸில் இருவரும் அந்தக் காலனிக்குக் கிளம்பினோம். அந்த வீட்டுக்கு முதலில் போகலாமா, தெருக் கூட்டம் போட்டுப் பேசலாமா என்று வழியில் கேட்டேன். கூட்டம் வேண்டாம், அந்த வீட்டுக்குப் போகலாம், தான் பேசுவதாகச் சொன்னாள். எனக்கு அதில் சம்மதமில்லை. சொன்னேன். அவள் கேட்கவில்லை. அந்த வீட்டு வாசலில் அவள் முன்னால் போய் நின்றாள், நான் பின்னால் நின்றேன்.